கண்டியூரில் கழலும் சங்கிலி

வைகாசி 28, திங்கள்

உ
சிவமயம். புது நோட்டு. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம், எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

சாப்பாடு: 2 பேர். அரிசி இரண்டு ஆழாக்கு. பால் அரை லிட்டர். சுவாமி விளக்குக்கு நல்லெண்ணெய் இரண்டு கரண்டி.

முட்டி வலிக்குத் தஞ்சாவூர் டாக்டரிடம் போய் வந்தோம். நடக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, சம்மணம் போடக் கூடாது. கோயிலுக்குப் போகிறவள் இதில் எதை விடுவது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "சைக்கிள் மிதிங்கம்மா, முட்டிக்கு நல்லது" என்றார். ஐம்பத்தொரு வயதில்.

நடக்கக் கூடாது என்றால் எப்படி. எனக்கு ஒரு வேண்டுதல் பாக்கி நிற்கிறது. மகள் வல்லிக்கு வரன் தட்டிக்கொண்டே போன காலத்தில் ஐயாறப்பர் சன்னதியில் நின்று சொன்னேன்: இவளுக்குக் கல்யாணம் நடக்கட்டும், ஏழூருக்கும் நடந்தே வந்து விளக்கேற்றுகிறேன். ஏழூர் என்பது எங்கள் திருவையாறும் அதைச் சுற்றியுள்ள ஆறு தலங்களும். போன வருஷம் தை மாதம் கல்யாணம் நடந்தது. மார்கழியில் வல்லி மன்னார்குடியிலிருந்து ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். "ஒத்து வரலை" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இவர், "புருஷனோட வந்தா கதவு திறக்கும்" என்றார். வந்த பையோடு போனாள். அன்று முதல் அவள் பெயரை இந்த வீட்டில் எடுப்பதில்லை. தஞ்சாவூரில் மருந்துக் கடையில் வேலை என்று மட்டும் கேள்வி. ஆடி கழிந்ததும் தானே நேரில் போய் அழைத்துக்கொண்டு மன்னார்குடியில் விட்டுவிடுவதாக இவர் சம்பந்தியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நான் சுவாமியிடம் கேட்டது கல்யாணம். அது நடந்தது. ஆகையால் கடன் நிற்கிறது. கல்யாணம் என்றேனே தவிர, வாழ்க்கை என்று சேர்த்துச் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் விவரம் போதவில்லை. தவறு என்னுடையது.

வைகாசி 31, வியாழன்

சாப்பாடு: 2.

கொல்லைக் கொட்டகையில் வல்லியின் பழைய சைக்கிள் தொங்குகிறது. பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. பக்கத்து வீட்டு மும்தாஜ் அதை இறக்கித் துடைத்து, விடிகாலையில் காவிரிக்கரைச் சாலையில் என்னை ஏற்றிவிட்டுக் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு முறை விழுந்தேன். கொசுவம் சங்கிலியில் மாட்டியது ஒரு முறை. டீக்கடையில் ஒருவர், "என்னம்மா, லைசென்ஸ் எடுத்தாச்சா" என்றார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "எழுத்துப் பரீட்சை பாஸ், ஓட்டறதுலதான் நிக்குது" என்றேன்.

"அக்கா, கீழ பாக்காதீங்க. தரையப் பாத்தா தரைக்கித்தான் போவீங்க. அந்தப் பனைமரத்தப் பாருங்க" என்றாள் மும்தாஜ். பனைமரத்தைப் பார்த்தேன். பனைமரம் வரை போய்விட்டேன்.

மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தபோது மும்தாஜ் ஒரு விஷயம் சொன்னாள். கண்டியூரில் துணி அளவெடுக்கப் போன இடத்தில் யாரையோ பார்த்தாளாம். அதை இங்கே எழுதுவதற்கில்லை.

எழுதுவதற்கில்லை என்பதற்குக் காரணம், இந்த நோட்டை இவர் பார்க்கிறார். முப்பத்தோரு வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளர். ஓய்வு பெற்றபின் சரிபார்க்க வேறு ஏடு இல்லை. விளக்கு வைத்ததும் உட்கார்ந்து, என் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்து, ஓரத்தில் பச்சை மையில் ஒரு டிக் போடுவார். சங்கத்தில் பச்சை மை மேலதிகாரிக்கு மட்டும். வீட்டில் இவரே மேலதிகாரி.

நான் அஞ்சாம் வகுப்பு. எழுத்து பழகியது பொட்டலம் சுற்றி வந்த காகிதத்தில். கணக்கு எழுதப் பழகியது இவர் கொண்டு வந்த பழைய ஏடுகளைப் பார்த்து. ஒரே ஒரு விதி மட்டும் இவர் வாயால் சொன்னது: "தப்பா எழுதிட்டா அழிக்கக் கூடாது. ஒத்தைக் கோடு போட்டு அடிச்சு, மேல சரியானதை எழுதி, பக்கத்துல கையெழுத்து. தப்பும் தெரியணும், திருத்தினதும் தெரியணும்."

ஆனி 1, சனி

சாப்பாடு: 2.

குருக்களிடம் கேட்டேன். நடந்து வருவதாக வேண்டியதற்குச் சைக்கிள் செல்லுமா.

அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "மாட்டு வண்டின்னா மாடு இழுக்கறது. காருன்னா பெட்ரோல் இழுக்கறது. சைக்கிளுக்கு யாரு இழுக்கறா? உங்க காலுதானே. அதுவும் நடைதாம்மா, சக்கரத்துல சுத்தி வெச்ச நடை. திங்கட்கிழமைக்கு ஒரு ஊரா ஏழு வாரம் போங்கோ. ஒரே நாள்ல முடிச்சுட்டு வந்து படுத்துக்காதீங்கோ."

ஆனி 3, திங்கள்

சாப்பாடு: 2. ஐயாறப்பர் கோயில். விளக்கு 1. பாக்கி 6.

ஆனி 8, சனி

சாப்பாடு: 2.

இவர் தஞ்சாவூர் போய் ஒரு கிலோமீட்டர் மீட்டர் வாங்கி வந்து சைக்கிளின் முன் சக்கரத்தில் தானே மாட்டினார். காலையில் உட்கார்ந்தவர் பன்னிரண்டு மணிக்கு எழுந்தார். "எவ்ளோ தூரம் போனோம்னு தெரியாம என்னா வேண்டுதல்" என்றார். அதே சூட்டில் நோட்டை வாங்கி அவர் கையாலேயே எழுதி, தன் பெயரின் முதலெழுத்தையும் போட்டார்:

தொடக்க இருப்பு 0.0 கி.மீ. (வை)

ஆனி 10, திங்கள்

சாப்பாடு: 2.

திருப்பழனம். கிழக்கே கும்பகோணம் சாலையில் நாலு கிலோமீட்டர். விடியும் முன் கிளம்பினேன். ஒரு பதிகம் முடிவதற்குள் ஊர் எல்லை தாண்டிவிட்டது. நடந்தால் மூன்று பதிகம் ஆகும்.

மேட்டூரில் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. காவிரி மணலாகக் கிடக்கிறது. நடுவில் ஆடு மேய்கிறது. சாலையை ஒட்டிய வாய்க்காலில் தூர் வாரிய சேற்றை இரண்டு கரையிலும் கொட்டி வைத்திருக்கிறார்கள், வெடித்துக் காய்ந்திருக்கிறது. பம்புசெட்டு இருக்கிற வயல் மட்டும் பச்சை. இல்லாத வயல் பார்த்துக்கொண்டிருக்கிறது. வாழைத்தோப்பு நிழலில் மிதிக்கும்போது மட்டும் முட்டி ஒன்றும் சொல்லவில்லை.

கோயிலில் என்னையும் வௌவாலையும் தவிர ஆள் இல்லை. சுவாமி பெயர் ஆபத்சகாயர். ஆபத்துக்கு உதவுகிறவர். விளக்கு 1. பாக்கி 5.

திரும்பும்போது சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது. கண்டியூர் கடைத்தெருவில் லூர்துசாமி என்பவர் கடையில் மாட்டிக்கொண்டேன். கடைக்கு மேல் மாடியில் ஒரு பெண் தனியாகக் குடியிருக்கிறாள். இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தாள். "அம்மா, மேல வாங்க" என்றாள். வயதில் பெரியவர்களை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். இளைத்திருந்தாள். ஒரு பாய், ஒரு அடுப்பு, ஒரு தட்டு. அரை மணி இருந்தேன்.

மீட்டர்: 15.4.

ஆனி 12, புதன்

சாப்பாடு: 2.

திங்கட்கிழமைப் பக்கத்துக்கு டிக் விழுந்துவிட்டது. இப்போதுதான் உறைக்கிறது. பழனம் கிழக்கே. கண்டியூர் தெற்கே, காவிரிப் பாலமும் குடமுருட்டிப் பாலமும் தாண்டி. பழனத்திலிருந்து திருவையாறு வருகிறவளுக்குக் கண்டியூரில் எப்படிச் சங்கிலி கழலும். போய்வர எட்டு கிலோமீட்டருக்கு மீட்டர் பதினைந்து காட்டுகிறது.

அழிக்கக் கூடாது. பிள்ளையார் சுழி போட்ட நோட்டில் பொய் எண்ணும் எழுதக் கூடாது. அடித்து எழுதினால் என்னவென்று எழுதுவது.

காலையிலிருந்து பாத்திரத்தை இரண்டு முறை துலக்கினேன். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஆனி 17, திங்கள்

சாப்பாடு: 2.

திருச்சோற்றுத்துறை. இதற்குக் கண்டியூர் வழியாகத்தான் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் யாரையும் கேட்டுக்கொள்ளலாம்.

பஞ்சத்தில் அடியவருக்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கொடுத்த சுவாமி. விளக்கு 1. பாக்கி 4. திரும்பும்போது சங்கிலி கழன்றது.

லூர்துசாமி சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "இந்தச் சங்கிலிக்கு என் கடைய ரொம்பப் புடிச்சுப்போச்சும்மா. வேற எங்கயும் கழலமாட்டேங்குது" என்றார்.

"கைராசி" என்றேன்.

"என் கையா, மாடி கையா" என்றார். நல்ல மனிதர். காசு வாங்கவில்லை.

மாடிப் பெண் காலையில் ரொட்டி தின்றுவிட்டு வேலைக்குப் போகிறாளாம். கோயிலில் கொடுத்த தயிர்சாதம் முழுவதையும் அங்கேயே வைத்துவிட்டேன்.

மீட்டர்: 32.4.

ஆனி 20, வியாழன்

சாப்பாடு: 2. ரொட்டி தின்றால் பெண்பிள்ளைக்கு எங்கே உடம்பில் ஒட்டும்.

ஆனி 24, திங்கள்

சாப்பாடு: 2.

திருவேதிகுடி. கல்யாணம் தடைப்படுகிறவர்கள் வருகிற தலம். நாங்களும் மூன்று வருஷம் முன் மாலையும் கையுமாக வந்து நின்றோம், மூன்று பேரும். இன்றும் ஒரு தாயும் தகப்பனும் ஒரு பெண்ணை நிற்க வைத்து அர்ச்சனை செய்துகொண்டிருந்தார்கள். அந்தத் தாயிடம் ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. விவரமாகக் கேளுங்கள், சுருக்கமாகக் கேட்காதீர்கள். சொல்லவில்லை. விளக்கு 1. பாக்கி 3.

வெட்டாற்றுப் பக்கத்து வாய்க்கால்கரையில் திரும்பினேன். வழியெல்லாம் மதகுகள், ஒன்றிலும் தண்ணீர் இல்லை. மதகுப் பலகையில் ஓணான் உட்கார்ந்திருக்கிறது. எல்லோரும் வானத்தையும் செய்தியையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கண்டியூரில் சங்கிலி.

"இன்னிக்கு எந்த ஊரும்மா" என்றாள் மாடிப் பெண். வேதிகுடி என்றேன். "யாருக்குக் கல்யாணம்" என்று சிரித்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. இந்த வெயிலுக்குக் காற்றோட்டமாகத்தான் இருக்கும். கழற்றியதை எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே அரிசி டப்பாவைத் திறந்து காட்டினாள். அரிசிக்குள் மஞ்சள் சரடு தெரிந்தது. மூடிவிட்டேன்.

மீட்டர்: 47.4.

ஆனி 27, வியாழன்

சாப்பாடு: 2. வாழை இலை வாங்கக் கண்டியூர் போனேன். மீட்டர்: 54.6.

"திருவையாத்துல இலை இல்லியா" என்றார் இவர்.

"கண்டியூர் இலை அகலம்."

டிக் போட்டுவிட்டார்.

ஆனி 31, திங்கள்

சாப்பாடு: 2.

இன்றைய தலமே கண்டியூர். பிரம்மாவும் சரஸ்வதியும் சேர்ந்து இருக்கிற சன்னதி. பிரம்மாவின் தலையைக் கிள்ளிய இடமென்றாலும் மனைவி பக்கத்திலேயேதான் இருக்கிறாள். விளக்கு 1. பாக்கி 2.

சங்கிலி கழலவில்லை. இன்று அவசியப்படவில்லை.

மாடிப் பெண்ணுக்குக் கத்திரிக்காய் வதக்கிக் கொடுத்தேன். தலை வாரிவிட்டேன். இடது பக்கம் சீப்பு போனபோது தலையை இழுத்துக்கொண்டாள்.

மீட்டர்: 62.0.

ஆடி 1, புதன்

சாப்பாடு: 2. வாசலில் மாக்கோலம். தேங்காய்ப்பால் வைத்தேன்.

சம்பந்தி மன்னார்குடியிலிருந்து போன் செய்தார். ஆவணி முதல் வாரத்தில் பெண் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்றாராம். இவர், "பேசினபடி கொண்டாந்து விடறேன்" என்றார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மருந்துக் கடை எங்க இருக்குன்னு விசாரிக்கணும்" என்றார். பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டேன். பொங்கி வழிந்தது. நஷ்டம் ஒரு டம்ளர்.

ஆடிக்குப் பெண்ணை வீட்டுக்கு அழைப்பார்கள். தெருவில் மூன்று வீட்டில் அழைத்திருக்கிறார்கள்.

ஆடி 6, திங்கள்

சாப்பாடு: 2.

திருப்பூந்துருத்தி. கண்டியூரிலிருந்து மேற்கே குடமுருட்டிக் கரையோரம். அழகான வழி. இரண்டு பக்கமும் மூங்கில், தென்னை. சைக்கிளுக்கென்றே நிழல் போட்டு வைத்த மாதிரி. வழியில் யாரும் இல்லை என்று சத்தமாகவே பதிகம் சொல்லிக்கொண்டு போனேன்.

அந்தக் கோயிலில் நந்தி நேராக இல்லை, விலகியிருக்கிறது. வெளியிலேயே நின்றுவிட்ட அடியவர் ஒருவருக்குத் தரிசனம் கிடைக்க விலகினதாம். கல்லு. அது நகர்ந்திருக்கிறது. கொஞ்ச நேரம் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கு 1. பாக்கி 1.

மாடிப் பெண் யார் பேசினாலும் வலது காதைக் கொடுத்துக் கேட்கிறாள். முதல் வாரமே பார்த்தேன். எழுதவில்லை. இன்று கேட்டேன்.

"தலைதீபாவளி அன்னிக்கும்மா" என்றாள். "வெடிச் சத்தத்துல சவ்வு போயிடுச்சுன்னு நீங்கல்லாம்தான் சொன்னீங்க."

"நாங்களா சொன்னோம். நீதான் சொன்னே."

"அவரு சொன்னாரு. நான் சும்மா இருந்தேன். நான் நம்ம வீட்டு மாடி அறையிலதாம்மா இருந்தேன். யாராவது ரூம்புக்குள்ள வெடி விடுவாங்களா."

"அப்ப என்னா."

தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மடக்கிக்கொண்டாள்.

"அப்பா கீழ மத்தாப்பு கொளுத்திக்கிட்டு இருந்தாங்க. அவ்ளோ சந்தோஷமா இருந்தாங்க. எப்படிச் சொல்றது" என்றாள். அப்புறம், "அது ஒரு தடவைன்னா நான் வந்திருக்க மாட்டேம்மா" என்றாள்.

சங்கிலி கழன்றது என்று எழுத இன்று கை வரவில்லை. மீட்டர்: 76.2.

ஆடி 7, செவ்வாய்

சாப்பாடு: 2.

நேற்றைய பக்கத்துக்கு டிக் இல்லை.

பரணிலிருந்து போன வருஷ நோட்டை இறக்கினேன். ஐப்பசி மாதம், தீபாவளிக்கு மறுநாள். என் எழுத்தில் இருக்கிறது: "வல்லிக்கு இடது காது, வெடி. தஞ்சாவூர் காது டாக்டர், சொட்டு மருந்து." ஓரத்தில் பச்சை டிக். நம் வீட்டுக் கூரைக்குக் கீழே நடந்ததை, நானே தவறாக எழுதி, இவரே சரிபார்த்து, கட்டிப் பரணில் போட்டிருக்கிறோம்.

அழிக்கக் கூடாது.

"வெடி" என்பதை ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். மேலே "மாப்பிள்ளை கை" என்று எழுதினேன். பக்கத்தில் என் கையெழுத்து, தேதி. இவர் மேசையில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மூடாமலிருக்க மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்துவிட்டு வந்தேன்.

ஆடி 8, புதன்

சாப்பாடு: 2. டிக் இல்லை. பழைய நோட்டு மேசையில் இல்லை, பரணிலும் இல்லை.

ஆடி 9, வியாழன்

சாப்பாடு: 2 என்று எழுதுகிறேன். இவர் சாப்பிடவில்லை. மிச்சம் மும்தாஜ் வீட்டு ஆட்டுக்கு.

ஆடி 10, வெள்ளி

சாப்பாடு: 2.

இவர் கொல்லையில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலியில் ஒரு கண்ணியைக் குறைத்து இறுக்கி, எண்ணெய் விட்டார். நான் அம்மனுக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாலு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு: "இனிமே கழலாது."

அவ்வளவுதான். அதை எப்படி எடுத்துக்கொள்வது. போகாதே என்பதா. இனி பொய் சொல்லாதே என்பதா. கூழ் அடிப்பிடித்துவிட்டது. அம்மன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆடி 13, திங்கள்

சாப்பாடு: 2.

திருநெய்த்தானம். மேற்கே இரண்டு கிலோமீட்டர்தான். நெய்யால் அபிஷேகம் ஆகிற சுவாமி. விளக்கு 1. பாக்கி இல்லை. ஏழும் தீர்ந்தது.

கோயில் சுவரெல்லாம் கல்வெட்டு. கோயில் காவலுக்கு இருக்கும் மெய்க்காவல்காரர் விரலால் தடவிக் காட்டினார். விளக்குக்கு நெய் தர இத்தனை ஆடு என்று கணக்கு எழுதியிருக்கிறார்களாம். கிழடாகிப் போகிற ஆட்டுக்குக் குட்டி ஈடாகிவிடும், அதனால் அவை சாகாத, மூப்படையாத ஆடுகள் என்றே கணக்கு. ஆயிரம் வருஷமாக ஒருவரும் அழிக்காத கணக்கு. எழுதினவனுக்கு என் போல முட்டி வலித்திருக்குமோ என்னவோ.

வேண்டுதல் முடிந்துவிட்டது. சங்கிலியும் இறுகிவிட்டது. இனி எனக்குக் கண்டியூரில் சொல்லிக்கொள்ள ஒரு வேலையும் இல்லை. நெய்த்தானத்திலிருந்து திரும்பியவள் வீட்டுத் தெரு முனையில் காலை ஊன்றி நின்றேன். பிறகு பாலத்தைப் பார்த்தேன். பார்த்த இடத்துக்குச் சைக்கிள் போகும்.

சங்கிலி கழலவில்லை. கண்டியூர் போனேன். என் மகள் வல்லியைப் பார்த்தேன். இந்த ஆறு வாரமும் நான் பார்த்தது அவளைத்தான். மருந்துக் கடையை விசாரிக்க வேண்டாம். லூர்துசாமி சைக்கிள் கடை மாடி. ஆவணியில் அவளை மன்னார்குடிக்கு அழைத்துப் போவதானால் என்னையும் சேர்த்து அழைத்துப் போக வேண்டும், நான் அவளுடைய இடது பக்கம் நிற்பேன்.

மீட்டர்: 87.8. கூட்டல் சரி.

ஆடி 14, செவ்வாய்

சாப்பாடு: 2. டிக் இல்லை. கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம்.

ஆடி 15, புதன்

சாப்பாடு: 2.

சாயங்காலம் காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் நுரையும் சருகும், பின்னால் பழுப்பாக ஒரு நாக்கு மாதிரி மணலை நக்கிக்கொண்டு வந்தது. ஊரே படித்துறையில். பெண்கள் பூ தூவினார்கள். நானும் தூவினேன். இவரும் வந்திருந்தார், தள்ளி நின்றார். தண்ணீர் கடைசிப் படியைத் தொட்டதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புழுக்கம்தான்.

ஆடி 17, வெள்ளி

சாப்பாடு: 2.

நாளைய பதினெட்டாம் பெருக்குக்குக் காப்பரிசி கலந்து வைத்தேன். மஞ்சள் சரடு, காதோலை கருகமணி, விளாம்பழம் எல்லாம் தட்டில்.

மத்தியானம் இவர் நூலகம் போவதாகச் சொல்லிப் போனார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தார். வேட்டியில் முட்டிக்குக் கீழே கறுப்புக் கறை. மசகு எண்ணெய். சோப்பு போட்டேன், போகவில்லை.

சைக்கிளை உள்ளே எடுத்து வைக்கும்போது மீட்டரைப் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன்.

மீட்டர்: 95.0.

திங்கட்கிழமைக்குப் பிறகு நான் ஓட்டவில்லை. 87.8 போக, 7.2. நூலகம் அடுத்த தெருவில் இருக்கிறது. இங்கிருந்து கண்டியூர் கடைத்தெரு மூன்று புள்ளி ஆறு. போய்வர ஏழு புள்ளி இரண்டு.

இவர் அப்போது கூடத்தில் போன் பேசிக்கொண்டிருந்தார். மன்னார்குடிக்குத்தான்.

"ஆவணியிலயும் இல்லீங்க. இல்லீங்க, அடுத்த மாசமும் இல்ல. நாந்தான் சொன்னேன், சொன்னது தப்பு. நோட்டீஸா. அனுப்புங்க. பொண்ணு விலாசமா? இதே விலாசம்தான்."

சுவாமி விளக்குக்கு இன்னொரு கரண்டி எண்ணெய் விட்டேன். மொத்தம் மூன்று.

ஆடி 18, சனி

சாப்பாடு: 2. அரிசி இரண்டு ஆழாக்கு.

விடிகாலையில் இந்த ஒரு வரியை எழுதி வைத்துவிட்டுப் படித்துறைக்குப் போனேன். அப்போதே சைக்கிள் கொட்டகையில் இல்லை.

ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. தெருப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அடுத்த தெரு அஞ்சலை எனக்குச் சரடு கட்டிவிட்டாள். "வல்லிக்கு ஆடி அழைப்பு இல்லியா அக்கா" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. பாலத்தைப் பார்த்தேன்.

பாலத்தில் இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் அந்தப் பை, துண்டால் கட்டியிருந்தது. வல்லி கூட நடந்து வந்தாள். ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். இவர் சைக்கிளைத் தன் வலது கைப்பக்கம் மாற்றிக்கொண்டு, அவளுக்கு வலது பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

அஞ்சலையிடம், "அழைக்கப் போனாரு. வந்தாச்சு" என்றேன்.

படித்துறைக்கு இறங்கி வந்ததும் இவர் யாரையும் பார்க்காமல் என்னிடம், "சங்கிலி கழண்டுட்டுது. அதான் நேரமாயிட்டு" என்றார்.

"நீங்கதான இறுக்குனீங்க."

"சரியா இறுக்கலை போலருக்கு" என்றார்.

வல்லி எனக்குப் பின்னால் உட்கார்ந்து காப்பரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நேத்து சாயங்காலம் கடையில வந்து உக்காந்திருக்காங்கம்மா. ரெண்டு மணி நேரம். மாடிக்கு வரவும் இல்ல, போவவும் இல்ல. நான் வேலை விட்டு வந்தப்ப லூர்துசாமி அண்ணன், 'இந்த வீட்டுச் சங்கிலி எல்லாம் இங்கதான் கழலுது, நான் கடைய திருவையாத்துக்கே மாத்திப்புடறேன்'னு சொல்றாரு. அப்பா என் காதப் பாத்தாங்க. நாளைக்கி வரேன்னாங்க. எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"நீ என்னா சொன்ன."

"அப்ப ரொட்டி வாங்கலைன்னு சொன்னேன். நாளைக்கு."

சரடு ஒன்று தட்டில் மீதி இருந்தது. வல்லிக்குக் கட்டவில்லை. அஞ்சலை பார்த்துக்கொண்டேயிருந்தாள். அதைக் காவிரிக்கே விட்டுவிட்டேன். பெண்ணுக்கு வாழ்க்கை என்று இந்த முறை விவரமாகச் சொன்னேன். வேறு ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை.

மத்தியானம் சித்ரான்னம் மூன்று விதம். வல்லி சாப்பிட்ட தட்டை நான் எடுப்பதற்குள் இவர் எடுத்துவிட்டார்.

மீட்டர்: 102.2.

விளக்கு வைத்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு போனார். ரொம்ப நேரம் திருப்பித் தரவில்லை. வந்ததும் பார்த்தேன். ஆடி ஆறிலிருந்து விட்டுப்போன பக்கங்கள் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்திருக்கிறது. இன்றைய பக்கத்தில் நான் காலையில் எழுதிய முதல் வரியில் "2" என்பதை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே "3" என்று பச்சை மையில் எழுதி, பக்கத்தில் (வை) என்று கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருக்கிறார். அடித்த இரண்டும் தெரிகிறது.

அரிசியைத் திருத்த மறந்துவிட்டார். அதை நான் அடித்து மூன்று ஆழாக்கு என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.